பதினேழாவது நிமிடம்

கணவர் பேச ஆரம்பித்துப் பதினாறு நிமிடம் முடிந்ததும் அவள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்துவிடுவாள். பதினேழாவது நிமிடத்தில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

அன்று இடம் ஒரு பெரிய லாண்டரியின் சாப்பாட்டுக் கூடம். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு, துண்டு, திரைச்சீலை எல்லாம் வெளுத்துக் கொடுக்கிற இடம். சுவருக்கு அந்தப் பக்கம் ராட்சத டிரம்கள் உருண்டுகொண்டே இருந்ததில் நாற்காலியின் கால்கள் லேசாக அதிர்ந்தன. மிஷின்களை நிறுத்த முடியாது என்பதால் பாதிப் பேருக்கு இன்று கூட்டம், மீதிப் பாதிக்கு அடுத்த வியாழக்கிழமை. நீல மேல்சட்டையும் தலைத் தொப்பியுமாக நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கணவர் மேடைப் பேச்சாளர் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏன் நின்றுபோனது என்று அடுக்குமாடி ஆட்களுக்கு விளக்கிப் பழகிய அதே நிதானமான குரலில்தான், தனக்கு வந்த மனச்சோர்வைப் பற்றியும் சொல்வார். எங்கே பழுது, எப்போது தெரிந்தது, யாரிடம் காட்டினோம், எத்தனை மாதத்தில் சரியானது. யாரையும் அழ வைக்கப் பார்க்க மாட்டார். அதனாலேயே ஆண்கள்கூட அசையாமல் உட்கார்ந்து கேட்பார்கள். தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் மனநலம் பற்றிப் பேச ஆட்களை அனுப்புகிற ஒரு சின்ன அமைப்புக்காக இரண்டு வருடமாகப் பேசி வருகிறார். இது முப்பத்திரண்டாவது கூட்டம்.

"பதினாலு மாசம்ங்க," என்றார் மைக்கில். "வேலைக்குப் போகல. பாதி நாள் பல்லுகூட விளக்கல. அந்தப் பதினாலு மாசத்துல என் மனைவி ஒரு நாள்கூட என்னை விட்டு நகரல. இதோ, முன்னாடிதான் உக்காந்திருக்காங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. கைதட்டினார்கள். அவள் எழுந்து, பாதி திரும்பிச் சிரித்தாள். அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஃப்ரேமை ஆசையாக எடுத்து மாட்டிக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்கிற வாடிக்கையாளர்களுக்கென்றே அவள் ஒரு சிரிப்பு வைத்திருந்தாள். மேடைக்கு முன்னால் சிரிப்பதும் அதே சிரிப்புதான் என்று கண்டுபிடித்தது அவள் மகள் ஒருத்திதான். "இன்னிக்கும் கடைச் சிரிப்புதானா, அம்மா?" என்று கேட்பாள்.

அந்தப் பதினாலு மாதத்தில் பதினோரு நாள் அவள் வீட்டிலேயே இல்லை. மகளை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வருகிற எண்ணத்தோடும் போகவில்லை.

அது பேச்சில் இல்லை என்பதே முதல் கூட்டத்தில், இருநூறு பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகாவது கேட்டிருக்கலாம். அந்த நாட்கள் அவருக்கு அவ்வளவு வலித்திருக்கின்றன, வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் மறைக்கிறார், ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டாள். அப்புறம் இரண்டாவது கூட்டம், மூன்றாவது கூட்டம். பழகிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல ஆண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பெண்கள் அவளிடம் வந்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி, "உங்களைப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க," என்றாள். எல்லோரும் போன பிறகு மடிப்புப் பிரிவில் வேலை செய்கிற ஒருத்தி வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். விரல் நுனிகளெல்லாம் துணியின் சூட்டில் வழவழத்துப் போயிருந்தன.

"எங்க வீட்டுக்காரரும் எட்டு மாசமா இப்படித்தான் படுத்திருக்காரு," என்றாள். "டிரைவரா இருந்தவரு. போன வாரம் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயி, கதவைத் தொறக்காம மாடிப்படியிலேயே ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டேன். உள்ள போகவே பிடிக்கல. எங்கயாவது போயிடலாமான்னு இருந்துச்சு."

"அப்படித்தாங்க இருக்கும்…"

"இல்லீங்க. இன்னிக்கு உங்களைப் பார்த்ததும் புரிஞ்சுடுச்சு. ஒரு நாள்கூட நகரலையே நீங்க. உங்களுக்கெல்லாம் பெரிய மனசு. எனக்குத்தான் மனசு சரியில்ல போல." அழவில்லை. ஒரு நல்ல ஃப்ரேமைப் புகழ்வதுபோலச் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். உள்ளே மணி அடித்தது. "வர்றேங்க," என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

அந்தப் பெண் நடந்துபோய்க் கதவைத் தள்ளி உள்ளே மறைகிறவரை அவள் கடைச் சிரிப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் நான்கு நிறுத்தம் போனபிறகும் பேசவில்லை.

"என்ன, வாயைத் தைச்சு வெச்ச மாதிரி வர்ற?" என்றார் கணவர்.

"அந்தப் பதினோரு நாளை ஏங்க சொல்லவே மாட்டேங்கறீங்க?"

அது நடந்து முடிந்த ஆறு வருடத்தில் அந்த எண்ணை இருவரில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சட்டென்று எழுந்து மணியை அழுத்தினார். அவர்கள் வீட்டுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. இறங்கிய பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. சரி நடப்போம் என்று இருவரும் நடந்தார்கள்.

"நீதானே வேணாம்னு முடிவு பண்ணின?" என்றார் அவர்.

"நானா? எப்ப?"

"கையெழுத்துப் போட்டியே."

அந்த அமைப்பில் ஒரு விதி உண்டு. ஒருவருடைய பேச்சில் யார் யார் வருகிறார்களோ, அவர்கள் எல்லோரும் முதலில் அதை முழுக்கப் படித்துவிட்டு, சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாத வரை மேடையேற முடியாது. கணவர் ஆறு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அவள் கடைக்கே வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று ஒரு வாடிக்கையாளருக்குக் காதுப்பக்கம் வளைப்பதற்காக ஃப்ரேமைச் சூடுபண்ணிக் கையில் வைத்திருந்தாள். ஆறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வேலை. "சீக்கிரம் பேனாவைக் குடுங்க," என்று வாங்கி, கடைசிப் பக்கத்தில் கிறுக்கிக் கொடுத்தாள்.

"நான் ஒரு வரிகூடப் படிக்கலைங்க."

"படிக்கலையா?"

"என் புருஷன் எழுதினது. வாடகைப் பத்திரமா, வரிக்கு வரி படிச்சுப் பாக்க?"

அவர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். "மொத ஒத்திகையில ஒருத்தர், 'வீட்டம்மா விட்டுட்டுப் போகலையா'ன்னு கேட்டார். சட்டுன்னு, 'ஒரு நாள்கூட இல்ல'ன்னு வந்துடுச்சு. எழுதறப்பவும் அதையே எழுதினேன். நீ படிச்சா அந்த வரியை அடிச்சிடுவன்னு பார்த்தேன். நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்ததும், சரி, அதை வெளியில சொல்றதுல உனக்கு இஷ்டமில்ல, நாமளும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

"நான் உங்களுக்குத்தான் இஷ்டமில்லன்னு நினைச்சேன்."

இரண்டு வருடமாக அவளுக்காக அவரும் அவருக்காக அவளுமாக, ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். முப்பத்திரண்டு கைதட்டல் வேறு. அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மடிப்புப் பிரிவுப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னாள்.

"அவங்க என்னைப் பார்த்துட்டுத் தன்னைக் கெட்டவள்னு நினைச்சுட்டுப் போறாங்க. நானும் பல்லைக் காட்டிட்டு நிக்கறேன். வியாழக்கிழமை உள்ளதைச் சொல்லிடுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"படுத்த படுக்கையா இருந்தவனை விட்டுட்டுப் போனாங்கன்னு நூறு பேர் உன்னைத் திரும்பிப் பார்ப்பாங்க. என்னைப் பத்தி என்ன வேணா சொல்றேன். உன்னைப் பத்தி நாலு பேர் தப்பாப் பேச என் வாயாலயே எடுத்துக் குடுக்க மாட்டேன்."

"தப்பாப் பேசினாப் பேசட்டும். இல்லாததைச் சொல்லித் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறதுதான் தாங்கல."

"மாட்டேன்னா மாட்டேன்," என்றார். லிஃப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் ஒன்பதாவது ஆளுக்காகக் கெஞ்சினாலும் மசியாத மனிதர்.

அவளுக்கும் விதி தெரியும். மறுநாள் மதிய இடைவேளையில் அமைப்பை நடத்துகிற அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சிஸ்டர், நான் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்."

எதிர்முனையில் நாட்குறிப்பின் தாள் புரண்டது. "வியாழக்கிழமை கூட்டம் இருக்கேம்மா."

"தெரியும்."

"அவருக்குத் தெரியுமா?"

"இனிமேதான் சொல்லணும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்கு வர்றேன்," என்றார் சிஸ்டர். "அதுவரைக்கும் ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருங்க."

அன்று மாலையே கணவரிடம் சொன்னாள்; அடித்துக்கொள்ளவில்லை. வெள்ளியும் சனியும் உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவில் பேச்சு நடந்தது. சனிக்கிழமை மாலை அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எதையோ எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்ததை அவள் சமையலறையிலிருந்து பார்த்தாள். எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் சிஸ்டர் வந்தார். கழுத்தில் வழக்கமான ஸ்டாப்வாட்ச். எந்தப் பேச்சும் இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி போகக்கூடாது அவருக்கு. கணவரோடு இருபது வருடமாக வேலை செய்கிற கூட்டாளியும் வந்திருந்தார். எப்போதும் கட்டட உச்சியில் இருக்கிற மோட்டார் அறையில்தான் அவருக்கு வேலை என்பதால் அவர் பெயர் மொட்டைமாடி.

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் மொட்டைமாடி.

"நீயும் பேச்சுல வர்ற," என்றார் கணவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மகள் அம்மாவின் தோளை லேசாக இடித்தாள். சிஸ்டர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று கணவர் பேச ஆரம்பித்தார். பதினாறு நிமிடம் பழைய பேச்சுதான். அதற்கப்புறம் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"ஒன்பதாவது மாசம். ஒரு நாள் காலையில அவங்க தட்டைக் கொண்டுவந்து பக்கத்துல நின்னாங்க. 'வெச்சுட்டுப் போ'ன்னேன். தலையைக்கூடத் திருப்பல. வெச்சாங்க. போயிட்டாங்க."

மகளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "சாரிப்பா. நெஜமாவே சாரி."

"விடும்மா, கூட்டத்துலயும் சிரிப்பாங்க," என்றார் சிஸ்டர். "மேல."

"போறப்ப வாசல்ல நின்னு என் கூட்டாளிக்கு ஃபோன் பண்ணிட்டுத்தான் போனாங்க. 'எனக்கு முடியல, நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க'ன்னு. அது எனக்கு அப்பத் தெரியாது. பதினோரு நாள், காலையில வேலைக்குப் போறப்பவும் சாயங்காலம் திரும்பறப்பவும் அவர் வந்தார். பக்கத்துல உக்காந்து கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுவார். ஒன்பதாவது நாள் என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனதும் அவர்தான்."

"அதை முழுசாச் சொல்லு," என்றார் மொட்டைமாடி. "ஒரு லிஃப்ட் மக்கர் பண்ணுது, எனக்குப் பிடிபடல, நீ வந்து பாருன்னு கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி லிஃப்ட். மூணாவது மாடியில டாக்டர்."

"பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்கன்னு நம்ம மேடையில சொல்லக்கூடாது," என்றார் சிஸ்டர்.

"பொய் இல்லைங்க, சிஸ்டர். லிஃப்ட் நெஜமாவே மக்கர்தான். இவன்தான் சரி பண்ணினான். சரி பண்ணிட்டு, 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, டாக்டரையும் பாத்துட்டுப் போலாமா'ன்னு இவனே கேட்டான்."

சிஸ்டர் தலையாட்டினார். "அப்படின்னா இருக்கட்டும்."

கணவர் தொடர்ந்தார். "பதினோராவது நாள் அவங்க திரும்பி வந்தாங்க." அத்தோடு நின்றுவிட்டார். தாளில் அதற்கு மேல் எதுவும் இல்லை.

"ஏன் வந்தாங்க?" என்றார் சிஸ்டர். "கேக்கறவங்க கேப்பாங்களே."

"தெரியாது, சிஸ்டர். நான் கேட்டதில்ல." தாளை மடித்தார், பிரித்தார். "பாவமேன்னு வந்திருப்பான்னு நினைச்சேன். ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கேக்கல."

ஃப்ரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. அவள் இவ்வளவு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதரைப் பார்த்தாள். மறைத்தது வெட்கத்தினால் என்று நினைத்திருந்தாள். பயத்தினால் என்று தோன்றவேயில்லை.

"பாவம் பார்த்துட்டெல்லாம் வரல," என்றாள். "மூணு நாள் லீவு போட்டுட்டுத் தூங்கினேன். நாலாவது நாள்லேர்ந்து அக்கா வீட்டுலேர்ந்தே கடைக்குப் போனேன். பத்தாவது நாள் ஒருத்தர் வந்து சண்டை போட்டார். புதுக் கண்ணாடி மூணு நாளா மங்கலாத் தெரியுது, நீங்க பண்ணினது தப்புன்னு. வாங்கிப் பார்த்தா அது அவர் மனைவியோட கண்ணாடி. ஒரே மாதிரி ரெண்டு ஃப்ரேம் வாங்கியிருந்தாங்க. வீட்டுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டா அந்த அம்மா, 'எனக்கு நல்லாத் தெரியுதே, அதான் சொல்லல'ங்கறாங்க."

மொட்டைமாடி வாய்விட்டுச் சிரித்தார்.

"அன்னிக்கு ராத்திரி படுக்கறப்ப, இதை இவர்கிட்டச் சொல்லணும்னு தோணிச்சு. அதுக்கு முன்னாடி எத்தனையோ மாசமா இவர்கிட்டச் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமே இருந்ததில்ல. பல்லு விளக்கினீங்களா, சாப்பிட்டீங்களாங்கறதைத் தவிர. மறுநாள் காலையில கிளம்பி வந்துட்டேன். அவ்வளவுதான்."

"வந்ததும் சொன்ன," என்றார் கணவர் மெதுவாக. "பையைக்கூடக் கீழ வைக்கல. நின்னுக்கிட்டே சொன்ன."

"நீங்க சிரிக்கவேயில்ல."

"சிரிச்சேனே."

"எப்ப? ரெண்டு மாசம் கழிச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப திடீர்னு சிரிச்சீங்க. என்னன்னா, 'எனக்கு நல்லாத் தெரியுதேன்னாங்களாமா'ன்னு கேட்டீங்க. நான் எழுந்து உள்ள போயிட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அழறதுக்குத்தான்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். "நடுவுல நாம பேசினதைக் கழிச்சு, கைதட்டலுக்கு வழக்கமா விடற நேரத்தைச் சேர்த்தா இருபத்தோரு நிமிஷம் நாப்பது செகண்ட். எங்க குறைக்கறது?"

மகள்தான் யோசனை சொன்னாள். "கைதட்டல்லயே ஒண்ணே முக்கால் நிமிஷம் போகுது, சிஸ்டர். எல்லாரும் திரும்பிப் பார்த்து, அம்மா எழுந்து, சிரிச்சு, உக்கார்ற வரைக்கும். அதை எடுத்துட்டாப் போச்சு."

"எடுத்துடுங்க," என்றாள் அவள்.

இந்தத் தடவை ஏழு பக்கத்தையும் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். ஆறாம் பக்கத்தில் "தட்டு இல்ல, கிண்ணம்," என்று திருத்தினாள். அக்காவிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருந்ததால் ஃபோனில் படித்துக் காட்டினாள். "பதினோரு நாளும் என் பீரோவைக் கலைச்சு அடுக்கினாளே, அதை ஏன் போடல?" என்று கேட்டுவிட்டு அக்கா சம்மதித்தாள். மொட்டைமாடி கையெழுத்துப் போட்டுவிட்டு, "நானும் இனிமே எழுந்து நிக்கணுமா?" என்றார். யாரும் நிற்க வேண்டாம் என்றார் சிஸ்டர்.

வியாழக்கிழமை அதே கூடம், வேறு முகங்கள். பதினேழாவது நிமிடம் வந்தது. அவள் கைப்பை மடியிலேயே இருந்தது. அவர் பதினோரு நாளைச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. சிலர் கிண்ணம் வைத்த இடத்தில் சிரித்தார்கள், லிஃப்ட் இடத்தில் நன்றாகவே சிரித்தார்கள். பேசி முடித்ததும் இரண்டாவது வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார்.

"இருந்தாலும், முடியாம கிடக்கறவரை விட்டுட்டுப் போறது சரியாங்க?"

பல தலைகள் முன்வரிசையில் அவளைத் தேடின. அவளுக்குக் காது மடல் சூடானது. எழுந்து போகவேண்டும்போல் ஒரு கணம் இருந்தது. போகவில்லை.

"எங்க வேலையில ஒரு சட்டம் இருக்குங்க," என்றார் கணவர், அவசரமில்லாமல். "லிஃப்ட் ஓடுற குழிக்குள்ள தனியா யாரும் இறங்கக்கூடாது. கீழ ஒருத்தன் இருந்தா மேல ஒருத்தன் கண்டிப்பா இருக்கணும். இருபது வருஷமா நான் தனியா இறங்கினதில்ல. ஆனா வீட்டுல இவங்களை ஒன்பது மாசம் தனியா இறக்கி விட்டிருந்தேன். அவங்க வெளியில வந்து இன்னொரு ஆளைக் கூப்பிட்டாங்க. அதுல எனக்கு எந்தத் தப்பும் தெரியல."

கேட்டவர் தலையசைத்தார். ஒப்புக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவர் என்ன நினைத்தாலும் நடந்ததைப் பற்றித்தான் நினைக்கிறார்.

ஆண்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டபோது அவள் சூப்பர்வைசரிடம் போனாள். மடிப்புப் பிரிவில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றாள். தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டால் பத்து நிமிடம் போய்வரலாம் என்றார் அவர்.

உள்ளே வெதுவெதுப்பாக, சோப்பும் ஆவியும் கலந்த மணம். நீளமான உருளைகளுக்கு நடுவிலிருந்து விரிப்புகள் தகடுபோல வந்து விழுந்துகொண்டிருந்தன. சின்ன விரிப்புகளை மிஷினே மடித்துவிடும். பெரியதை இரண்டு பேர் பிடித்துத்தான் மடிக்க வேண்டும். கூட மடிக்கிறவள் கூட்டத்துக்குப் போயிருந்ததால் அந்தப் பெண் ஒரு பெரிய விரிப்போடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இவள் போய் மறுமுனையைப் பிடித்தாள்.

"நீங்களா? ஐயோ, விடுங்க. கையெல்லாம் சுடும்."

"எனக்கும் சூடு பழக்கம்தான்," என்றாள். "போன வாரம் நீங்க சொன்னப்ப நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் படுத்திருந்தப்ப நான் பதினோரு நாள் வீட்டை விட்டுப் போயிட்டேன். இனிமே வரவே கூடாதுன்னுதான் போனேன்."

அந்தப் பெண் விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அவர் ஒரு நாள்கூட நகரலன்னு சொன்னாரே?"

"தப்பாச் சொன்னார். நானும் தப்பா எழுந்து நின்னேன். இன்னிக்குச் சரியாச் சொல்லியாச்சு. நீங்கதான் கேக்கலையே, அதான் வந்தேன்."

இருவரும் நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்தார்கள். அந்தப் பெண் அடுத்த விரிப்பை எடுத்தாள். அது முடிந்து இன்னொன்று.

"போயி என்ன பண்ணினீங்க?"

"மூணு நாள் தூங்கினேன். அப்புறம் அக்காகூடச் சண்டை போட்டேன்."

அந்தப் பெண்ணின் உதடு கோணியது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது. "அவரை யார் பாத்துக்கிட்டாங்க?"

"போறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு ஃபோன் பண்ணினேன். எனக்கு முடியல, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு. உங்களுக்கு யார் இருக்காங்க?"

"யாரும்…" என்று ஆரம்பித்தவள் யோசித்தாள். "இவரோட அக்கா ஒருத்தங்க. ரெண்டு மணி நேர தூரம். அவங்களுக்கு இன்னும் தெரியாது. முதுகு வலின்னு சொல்லி வெச்சிருக்கேன். சொன்னா, இத்தனை மாசமா ஏன் மறைச்சேன்னு திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"வாய் ஜாஸ்தி அவங்களுக்கு."

"திட்டிட்டு வருவாங்களா, திட்டிட்டு ஃபோனை வெச்சிடுவாங்களா?"

அந்தப் பெண் விரிப்பின் ஓரத்தை நீவினாள். "வருவாங்க," என்றாள்.

தேநீர் இடைவேளைக்கு மணி அடித்தது. ஃபோன்கள் எல்லாம் லாக்கர் அறையில் இருந்தன. இருவரும் அங்கே போனார்கள். குறுகலான அறை. இரும்புக் கதவுகளின் வரிசைக்கு நடுவே ஒரு பெஞ்சு. அந்தப் பெண் ஃபோனை எடுத்து, எண்ணைத் தேடி, கட்டைவிரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் வெளியில இருக்கட்டுமா?" என்றாள் இவள்.

"வேணாம். இருங்க."

அழுத்தினாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"அண்ணி, நான்தான். ம், அப்படியேதான் இருக்காரு. இல்ல, முதுகு இல்ல அண்ணி. அது நான் சும்மா சொன்னது." கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எட்டு மாதத்தையும் ஒரு நிமிடத்துக்குள் சொன்னாள், மாடிப்படி உட்பட. "எனக்கு முடியல, அண்ணி. கொஞ்ச நாள் நீங்க வந்து பாத்துக்கங்க."

எதிர்முனையில் வெடித்த குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் ஃபோனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, திட்டுகிறார்கள் என்று சைகை காட்டினாள். இவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். குரல் ஏறியது, உடைந்தது, தணிந்தது. அதற்கப்புறம் கேள்வியாக ஏதோ வந்தது.

அந்தப் பெண் ஃபோனின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சனிக்கிழமை காலையில வர்றாங்களாம். பத்து நாள் இருக்காங்களாம். நான் அவங்க வீட்டுக்குப் போய் இருந்துக்கலாமாம். அங்க போய் என்ன பண்ணப் போறேன்னு கேக்கறாங்க."

"என்ன பண்ணப் போறீங்க?"

அந்தப் பெண் கையை எடுத்துவிட்டு ஃபோனிலேயே சொன்னாள்.

"மொதல்ல தூங்கப் போறேன், அண்ணி."